நின்றால் நட்டம், நகர்ந்தால் லாபம்: ஃபேன்டஸி ஆர்.பி.ஜி.க்குச் சண்டைக்களம் அமைக்கும் முழுமையான வழிகாட்டி

ஆர்.பி.ஜி. என்றால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம். அதில் ஒரு சண்டை: சதுரமான நிலவறை, நடுவில் நான்கு பூதங்கள். முதல் சுற்றில் எல்லாரும் ஓடிப்போய் ஆளுக்கொரு பூதத்தின் முன் நிற்கிறார்கள். அதற்குப் பிறகு "அடிக்கிறேன், 14, பட்டுச்சா?" "பட்டுச்சு, எவ்வளவு?" "7" என்றே நான்கு சுற்றும் ஓடுகிறது. மூன்றாவது சுற்றிலேயே ஒருவர் கைப்பேசியை எடுத்துவிடுவார்.

இதில் பூதங்களின் தப்பு எதுவும் இல்லை. விதியே ஆட்களை நிற்க வைக்கிறது. டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் எதிரியின் கைக்கெட்டும் தூரத்தைவிட்டு விலகினால் அவனுக்கு ஓர் ஓசி அடி கிடைக்கும். அடி வாங்காமல் விலக வேண்டுமானால் அந்த முறையில் (தன் வாய்ப்பில்) கிடைக்கும் முக்கியச் செயலான ஆக்‌ஷனையே செலவழிக்க வேண்டும். ஆகவே நகர்வது நட்டம், நிற்பது லாபம். மேப்பில் நான்கு தூணையும் ஒரு கிணற்றையும் வரைந்து வைத்தால் இந்தக் கணக்கு மாறிவிடாது. நகர்கிறவனுக்கு இடம் கூலி கொடுக்க வேண்டும், நிற்கிறவனிடம் வாடகை வாங்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

எண்கள் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை ஒட்டியவை. வேறு ஆட்டம் ஆடுகிறவர்கள் எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: சண்டை எதற்காக என்பதை ஒரு பொருளாக வையுங்கள்

"எல்லாரையும் கொல்ல வேண்டும்" என்பது மட்டும் குறிக்கோளாக இருந்தால் எதிரி நிற்கும் இடம்தான் களம், மற்றதெல்லாம் அலங்காரம். தொடக்கூடிய, தூக்கக்கூடிய, அணைக்கக்கூடிய ஒன்றை எதிரிக்குப் பின்னால் வையுங்கள்: கட்டிய கயிறு, எரியும் விளக்கு, பூட்டிய பெட்டி, பிணைக்கைதி. அதற்கான தூரம்தான் முக்கியம். சாதாரண ஆள் ஒரு முறைக்கு 30 அடி, அதாவது 6 கட்டம் நடப்பான். டேஷ் போட்டால், அதாவது முக்கியச் செயலையும் ஓட்டத்துக்கே செலவிட்டால், 12 கட்டம். 12 கட்டத்துக்குள் இருக்கும் பொருளை முதல் முறையிலேயே ஒருவர் தொட்டுவிடுவார். 25 கட்டத்தைத் தாண்டினால் பாதிச் சண்டை வெறும் நடையாகிவிடும். 15 முதல் 20 கட்டம் சரியாக வரும்.

படி 2: கற்பனையை விடுங்கள், ஓர் இடத்தைப் போய் அளந்து வாருங்கள்

வெறும் தாளில் வரைகிறவர்களுக்குப் பெரும்பாலும் சதுர அறைதான் வரும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். லெபோ பசார் பக்கம் போய், கடைகளின் முன் ஓடும் நடைபாதையான அஞ்சடியில் பத்து நிமிடம் நடந்தால் ஒரு மேப் கையில் வந்துவிடும். மலாயில் காக்கி லீமா, நம் ஊர்த் தமிழில் அஞ்சடி. இந்த ஆட்டத்தில் ஒரு கட்டமும் 5 அடிதான்! உண்மையான அகலம் கடைக்குக் கடை மாறும், ஆனால் பெயரே மேப்பின் அளவுகோலாக அமைந்துவிட்டது.

அங்கே என்ன இருக்கிறது என்று ஆட்டக்காரன் கண்ணால் பாருங்கள். ஒரு கட்ட அகல நடைபாதை, ஒருவன் நின்றாலே அடைபட்டுவிடும். தெருப்பக்கம் தூண்கள்: பின்னால் நின்றால் பாதி மறைப்பு, ஏ.சி.க்கு (அடி பட எதிரி பகடையில் எட்ட வேண்டிய தற்காப்பு எண்ணுக்கு) +2. கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும். வெளியில் லோங்காங் (சாக்கடை வாய்க்கால்), தாண்டவும் செய்யலாம், விழவும் செய்யலாம். கடைவீட்டுக்குள் போனால் முகப்பு குறுகல், நீளம் அதிகம், நடுவில் கூரையில்லாத முற்றம். மாடியிலிருந்து கீழே அம்பு விட வாகான இடம். பின்வாசல் திறந்தால் சந்து. முன்வழி, மேல்வழி, பின்வழி என்று மூன்று பாதைகள், ஒரே கட்டடத்தில்.

பத்துமலையின் 272 படிகள் வேறு பாடம் சொல்லும். படிக்கட்டு என்றால் மேலே நிற்பவனுக்கு எல்லாச் சாதகமும் உண்டு என்று நினைப்போம். ஆனால் இடையிடையே வரும் சமதளங்கள்தான் சண்டையின் நிலையங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததைப் பிடிப்பதே ஒரு சிறு வெற்றி. நீளமான எந்த ஏற்றத்தையும் இப்படி மூன்று நான்கு நிலையாக உடைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: வடிவத்தை எடுங்கள், சன்னிதியை விடுங்கள். மேசையில் யாரோ ஒருவர் போன வாரம் அங்கே பால்குடம் எடுத்திருப்பார்.

படி 3: மூன்று வழி, மூன்று விலை

தொடங்கும் இடத்திலிருந்து பொருள் இருக்கும் இடத்துக்கு மூன்று பாதை வேண்டும். ஒரு பாதை போதாது. அது வரிசையில் நிற்கும் கூட்டமாகிவிடும். ஐந்து இருந்தால் ஒவ்வொருவரும் யோசித்துக்கொண்டே இருப்பார்கள்.

முதல் பாதை வேகமானது, ஆனால் எதிரியின் கண்முன். இரண்டாவது மறைவானது, ஆனால் மெதுவானது: சேறு, இடிபாடு, முழங்கால் தண்ணீர் போன்ற கடினத் தரையில் ஒரு அடிக்கு இரண்டு அடி செலவு, ஆகவே முறைக்கு 3 கட்டம்தான். மூன்றாவது திறமை கேட்கும் பாதை: ஏறுவது, தாவுவது. ஏறுவதற்கும் இரட்டைச் செலவு. 15 அடிச் சுவர் ஏறினால் அந்த முறையின் நடை முழுவதும் காலி. தாவலுக்குக் கணக்கு சுலபம். 10 அடி ஓடிவந்து தாவினால் பலத்தின் எண் எத்தனையோ அத்தனை அடி, நின்ற இடத்திலிருந்து பாதி. 10 அடி இடைவெளி வைத்தால் பலம் 10 உள்ளவர் தாண்டுவார், 8 உள்ள மந்திரவாதி தாண்டமாட்டார். இந்த மாதிரி இடைவெளிதான் பேச்சைக் கிளப்பும்: "நான் அந்தப் பக்கம் போய்க் கயிறு போடறேன், நீங்க வாங்க."

உயரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். 10 அடி உயரத்துக்கு 1டி6 (ஆறு பக்கப் பகடை ஒன்று) சேதம் என்பது மூன்றாம் நிலை (லெவல் 3) ஆளுக்குப் பெரிதில்லை. விழுந்தால் படுத்த நிலையில் கிடப்பது, எழுவதற்குப் பாதி நடை போவது, மீண்டும் ஏறுவது என்று ஒரு முறை வீணாகும். அதுதான் உண்மையான தண்டனை.

படி 4: கைப்பிடிகள், வாள்வீச்சைவிட லாபமாக

தொங்கும் விளக்கு, உருளும் பீப்பாய், அறுக்கக்கூடிய கயிறு என்று ஆட்டக்காரர் பிடித்து இழுக்கக்கூடிய எல்லாவற்றையும் கைப்பிடி என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான மேப்பில் இவை இருக்கும், யாரும் தொடமாட்டார்கள். கணக்குப் போட்டால் காரணம் தெரியும்.

மூன்றாம் நிலை வீரன், +5 தாக்குதல், 1டி8+3 வாள். ஏ.சி. 13 உள்ள எதிரியை 65 விழுக்காடு வாய்ப்பில் அடிப்பான், சராசரி 7.5. ஆக ஒரு ஆக்‌ஷனின் மதிப்பு சுமார் 5 புள்ளி. இப்போது உங்கள் தொங்குவிளக்கு ஒருவன் மேல் விழுந்து 1டி10 தருகிறது என்று வையுங்கள். சராசரி 5.5. அதற்கும் ஒரு சோதனை, எதிரிக்கும் ஒரு சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை). பாதி நேரம் தவறிப்போகும். எவன் தொடுவான்?

ஆகவே கைப்பிடி ஒன்று இரண்டு மூன்று பேரைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், அல்லது வாளால் செய்ய முடியாததைச் செய்ய வேண்டும்: பாதையை அடைப்பது, ஆளை மாடிக்குத் தூக்குவது, வலைக்குள் சிக்கவைப்பது. சேதம் வைப்பதானால் நான்காம் நிலைக்குள் 2டி10 போதும், சராசரி 11. 4டி10 சராசரி 22. மூன்றாம் நிலை மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி பெரும்பாலும் 20-ஐத் தாண்டாது. கைப்பிடி இரு தரப்புக்கும் பொது என்பதை மறந்துவிட்டு இதில் தாராளம் காட்டுகிறவர்கள் அதிகம்.

ஒரு களத்துக்கு மூன்று கைப்பிடி. ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி எழுதி வையுங்கள்: என்ன செலவு, என்ன சோதனை, என்ன ஆகும். ஒரு வரிக்குள் அடங்காத கைப்பிடியை எடுத்துவிடுங்கள். சண்டை நடுவில் அதைப் படித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

படி 5: இடத்துக்கும் ஒரு முறை

இதுவரை சொன்னது நல்ல மேப். அது மாறும் களமாவது இங்கேதான். இனிஷியேட்டிவ் (யார் முறை எப்போது என்ற வரிசை எண்) 20-இல் இடம் தன் முறையை எடுக்கட்டும். அதே எண் எடுத்த ஆட்டக்காரர் இருந்தால் அவருக்குப் பிறகு. பெரிய அரக்கர்களின் குகைக்கு இருக்கும் விதிதான், சாதாரணக் களத்துக்கும் அப்படியே பொருந்தும்.

முறைக்கு முறை புதிதாக ஏதோ நடப்பது என்பது வேறு, ஒரே விஷயம் படிப்படியாக முற்றுவது என்பது வேறு. முதலாவது வெறும் தொந்தரவு: ஒரு சுற்றில் கல் விழும், அடுத்த சுற்றில் வௌவால் வரும். இரண்டாவதை ஆட்டக்காரர் கணித்து, திட்டம் போட முடியும். இதற்குக் கோலாலம்பூரில் ஓர் அசல் மாதிரி உண்டு. 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம், 9.7 கிலோமீட்டர். சாதாரண நாளில் அதன் நடுப்பகுதி இரண்டடுக்குச் சாலை. மிதமான மழையில் சாலைக்கு அடியில் உள்ள கால்வாயில் வெள்ளம் ஓடும், மேலே கார்களும் ஓடும். பெருமழையில் வாகனங்களை வெளியேற்றி, கதவுகளைத் திறந்து, சுரங்கம் முழுவதையும் வெள்ளத்துக்கு விட்டுவிடுவார்கள். ஒரே இடம், மூன்று நிலை, ஒவ்வொன்றிலும் எங்கே நிற்கலாம் என்பதே மாறுகிறது. உங்கள் குள்ளர்களின் சுரங்கத்துக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது.

இரண்டு விதி இதில் கட்டாயம். ஒன்று, அடுத்த நிலை வருவதற்கு ஒரு சுற்று முன்னதாகவே அறிகுறி காட்ட வேண்டும். சொல்லாமல் தரை இடிந்தால் ஆட்டக்காரர் உங்களைத்தான் திட்டுவார்கள், எதிரியை அல்ல. இரண்டு, இப்படிப் படிப்படியாக முற்றுவதைக் கடிகாரம் என்போம்; அந்தக் கடிகாரத்தை நிறுத்தவோ தாமதிக்கவோ ஒரு வழி மேப்பிலேயே இருக்க வேண்டும்.

சண்டைகள் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து சுற்றுக்குள் முடிந்துவிடும். முதல் மாற்றம் இரண்டாவது சுற்றிலேயே தெரிய வேண்டும். ஆறாவது சுற்றில் எரிமலை வெடிக்கும் என்று எழுதி வைத்தால் அந்த எரிமலையை யாரும் பார்க்கப்போவதில்லை.

ஒரு களம் முழுசாக: நண்டுத்துறை

பினாங்கு ஜெட்டிகளின் அமைப்பை எடுத்துக்கொண்டு, பெயரையும் ஆட்களையும் மாற்றிச் செய்த களம். மூன்றாம் நிலை ஆட்டக்காரர் நால்வருக்கு.

கடலுக்குள் நீளும் மரப்பாலம், நீளம் 20 கட்டம், அகலம் 2 கட்டம். இரு பக்கமும் மரத்தூண்மேல் நிற்கும் தகரக்கூரை வீடுகள், பக்கத்துக்கு மூன்று, இடையிடையே 2 கட்ட இடைவெளி. சேற்றிலிருந்து பலகைத் தளம் 10 அடி, தளத்திலிருந்து கூரை 10 அடி. கடல் முனையில் சேற்றில் தட்டி நிற்கிறது ஒரு படகு, அதில் திருடிய பெட்டி. ஆட்டக்காரர் கரைப்பக்கத்தில்.

வழிகள்: பாலத்தின் நடுவே மீன்பெட்டிகளால் தடுப்பு, அதற்குப் பின்னால் கொள்ளையர். கூரைவழி போனால் ஏற 20 அடி நடை, வீட்டுக்கு வீடு 10 அடித் தாவல். தவறினால் சேறுவரை 20 அடி, 2டி6. அடிவழிக்குத் தடுப்புக்கு முன்னால், மீன் கழுவும் இடத்தில் ஒரு திறப்பு. சேற்றில் இறங்கி 6 கட்டம் போய்த் தடுப்புக்குப் பின்னால் ஏறலாம். மேலே இருப்பவர் கண்ணுக்குப் படாது, ஆனால் கடினத் தரை: இறங்குவது ஏறுவது போக, சேற்றை மட்டும் கடக்க நடந்தால் இரண்டு முறை, டேஷ் போட்டால் ஒன்று.

எதிரிகள்: கொள்ளையர் நால்வர், அடியாள் ஒருவன், சங்கூதும் கடல்பூசாரிணி ஒருத்தி. அனுபவப் புள்ளி கொள்ளையர் நால்வருக்கும் சேர்த்து 100, அடியாளுக்கு 100, பூசாரிணிக்கு 50. ஆறு பேருக்கான பெருக்கம் 2, மொத்தம் 500. இந்தக் குழுவுக்கு நடுத்தரச் சண்டை 600, கடினம் 900. வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறது, மீதியை இடம் பார்த்துக்கொள்ளும்.

கடிகாரம்: ஓதம் ஏறுகிறது. உண்மைக் கடலில் வற்றத்திலிருந்து பெருக்கத்துக்கு ஆறு மணி நேரம் போல ஆகும். ஆட்டத்தில் ஒரு சுற்று 6 விநாடி. அதனால்தான் பூசாரிணி. அவள் கூரைமேல் நின்று ஒவ்வொரு சுற்றும் சங்கு ஊதுகிறாள், கடல் வருகிறது.

சுற்று 1: வெறும் சேறு. சங்குச் சத்தம், பலகை இடுக்கில் தண்ணீர் மினுங்குகிறது.
சுற்று 2: முழங்கால் தண்ணீர். சேறு போலத்தான். தூண்கள் முனகுகின்றன.
சுற்று 3: இடுப்பளவு. கீழே படுத்த நிலையில் இருப்பவன் தண்ணீருக்குள். படகு லேசாக ஆடுகிறது.
சுற்று 4: ஆள் மூழ்கும் தண்ணீர், அடிவழியில் நீச்சல். படகு மிதந்துவிட்டது. கடல் முனையின் கடைசி 4 கட்ட நீளத்தில் பலகைகள் கழன்று ஆடுகின்றன.
சுற்று 5: ஆடிய பலகைகள் போய்விட்டன. கொள்ளையரில் எவனாவது படகில் இருந்தால் கயிற்றை வெட்டத் தொடங்குவான். இரண்டு கயிறு, கயிற்றுக்கு ஓர் ஆக்‌ஷன்.
சுற்று 6: இரண்டு கயிறும் போயிருந்தால் படகு கிளம்பிவிடும்.

சங்கைப் பறித்தாலோ அவளைக் கீழே தள்ளினாலோ தண்ணீர் இருந்த நிலையிலேயே நிற்கும். கடலை நிறுத்துவதா, பெட்டியைத் துரத்துவதா என்ற வாக்குவாதம் இரண்டாவது சுற்றிலேயே கிளம்பிவிடும். அதற்காகத்தான் பூசாரிணியை ஒரு பக்கக் கூரையிலும் படகை மறுபக்க முனையிலும் வைத்தது.

கைப்பிடிகள்: கம்பத்தில் காயும் வலை, ஆக்‌ஷன், கயிற்றை வெட்டினால் 2×2 கட்டத்தில் எல்லாருக்கும் டெக்ஸ் (சுறுசுறுப்பு) சேவ் 12, தவறினால் சிக்குவார்கள். கருவாட்டுச் சட்டம், ஆக்‌ஷன், பலச் சோதனை 13, சாய்ந்தால் பாலத்தின் அகலம் முழுவதும் கடினத் தரை, பின்னால் இருப்பவனுக்குப் பாதி மறைப்பு. கப்பிக் கயிறு, பிடித்துக்கொண்டு எடையை அவிழ்த்துவிட்டால் ஏறும் செலவே இல்லாமல் கூரையில், ஒருமுறைதான்.

பாலத்தின் ஓரத்துக்கு ஒரு விதி: தள்ளப்பட்டு விழப்போகிறவன் டெக்ஸ் சேவ் 10 எடுத்தால் விளிம்பைப் பிடித்துத் தொங்குவான், ஏறப் பாதி நடை. இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்ததில்.

எங்கே கெடும்

தண்டர்வேவ் முதல் நிலை மந்திரம்தான். 15 அடிக் கனசதுரம், சேவ் தவறியவர்கள் 10 அடி பின்னால். பாலத்தின் அகலமும் 10 அடிதான். ஓர விதி இல்லாவிட்டால் ஒரே மந்திரத்தில் தடுப்பு காலி, சண்டை முடிந்தது. குறுகலான எந்தக் களத்துக்கும் முதலில் ஆட்டக்காரர்களின் தள்ளும் மந்திரங்களைப் பட்டியல் எடுத்துப் பாருங்கள்.

ஆட்டக்காரர் மூன்றாம் நிலைக்கு வந்தால் மிஸ்டி ஸ்டெப் என்ற மந்திரம் வரும், போட்டவர் ஒரு நொடியில் 30 அடி தாவிவிடுவார். ஐந்தாம் நிலையில் பறக்கும் மந்திரமும் ஃபயர்பால் என்ற வெடிக்கும் தீப்பந்தும். ஃபயர்பாலின் ஆரம் 20 அடி, குறுக்கே 8 கட்டம். 8×8 அறையில் அதற்கு மேல் களம் என்று ஒன்று இல்லை. இவற்றைத் தடைசெய்யாதீர்கள். மந்திரத்துக்குச் செலவழித்தவருக்கு அதன் பலன் கிடைக்கட்டும். ஒருவர் மட்டும் தனியாகப் போய்ச் சேர்ந்தால் முடியாத வேலையாக வையுங்கள், போதும்: இரண்டு கயிறு, இரண்டு ஆள் தூக்கும் பெட்டி.

மறைப்பு அதிகமானால் ஆட்டம் படுத்துவிடும். முக்கால் மறைப்பு +5. இரு தரப்பும் அதன் பின்னால் உட்கார்ந்துவிட்டால் சுற்றுக்குச் சுற்று எல்லாம் தவறும் அம்புகள்தான். மறைப்பு உடையக்கூடியதாக இருக்கட்டும், அல்லது தண்ணீர் அதை நோக்கி வரட்டும்.

வருணனை நீள்வது இன்னொரு வியாதி. சண்டை தொடங்கும்போது மூன்று வாக்கியம் போதும்: எதை எடுக்க வேண்டும், என்ன மாறிக்கொண்டிருக்கிறது, கண்ணில் படும் கைப்பிடி ஒன்று. மற்ற இரண்டை எதிரி காட்டட்டும். முதல் சுற்றிலேயே ஒரு கொள்ளையன் கப்பிக் கயிற்றைப் பிடித்துக் கூரைக்குப் போனால், "நாமளும் அதைப் பண்ணலாமா?" என்று யாராவது கேட்பார்கள். வாயால் விளக்கிய கைப்பிடியைவிட எதிரி பயன்படுத்திக் காட்டிய கைப்பிடிதான் பிடிக்கப்படும். கயிறு ஒருமுறைதான் என்பதால் அந்தக் கொள்ளையனுக்கென்று எதிர்ப்பக்கம் இன்னொரு கப்பி வரைந்துவிடுங்கள்.

மேசைக்குக் கொண்டுவருவது

மாஜோங் பேப்பர் என்னும் பெரிய வெள்ளைத் தாள் ஒன்று, 2.5 செ.மீ. கட்டம். நண்டுத்துறைக்கு 20×12 கட்டம், அதாவது 50×30 செ.மீ. மினியேச்சர் இல்லாவிட்டால் சில்லறைக் காசு: 50 சென் நாணயமே 23 மில்லிமீட்டருக்குள் அடங்கும், கட்டத்துக்குள் சரியாக உட்காரும். கொள்ளையருக்கு 10 சென், அடியாளுக்கு 20, பூசாரிணிக்கு 50. மேலே ஃபேன் ஓடும் வீட்டில் காகித டோக்கன் பறக்கும், காசு பறக்காது.

அடித்தளத்துக்குத் தனி மேப் வேண்டாம். கூரையில் இருப்பவருக்கு அடியில் ஒரு பாட்டில் மூடி, பாலத்துக்கு அடியில் இருப்பவர் மேல் ஒரு புளியங்கொட்டை. தண்ணீர் நிலைக்கு 1 முதல் 6 வரை எழுதிய ஓர் அட்டை, அதன்மேல் நகரும் டி6. எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி மேசை நடுவில். மறைத்து வைத்த கடிகாரத்தால் யாரும் அவசரப்படமாட்டார்கள்.

ஆட்டத்துக்கு முந்திய நாள் தனியாக உட்கார்ந்து இரண்டு சுற்று ஆடிப் பாருங்கள், பத்து நிமிடம் போதும். பகடை வேண்டாம், எல்லா அடியும் பட்டதாக வைத்துக்கொண்டு காசுகளை மட்டும் நகர்த்துங்கள். இரண்டாவது சுற்று முடிவில் பாதிக்கு மேற்பட்ட காசுகள் முதல் சுற்றில் நின்ற கட்டத்திலேயே இருந்தால், பொருளை இன்னும் 4 கட்டம் தள்ளி வையுங்கள், அல்லது கடிகாரத்தின் மாற்றங்களை ஒரு சுற்று முன்னதாகவே வரவையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.